திருவண்ணாமலை: நகர அமைப்பும் நலவாழ்வு ஏற்றத்தாழ்வும் - உறைவிடச் சொற்களை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

2024 டிசம்பர் 1 அன்று பெஞ்சல் புயல் மழையின்போது திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவு ஏற்பட்டது. மண்ணும் பாறையும் ஒரு வீட்டை மூடியதில் எழுவர் இறந்தனர். அவர்களுள் ஐவர் சிறார். இந்நிகழ்வைத் தனித்த இயற்கைப் பேரிடராகக் கொள்ளாமல், ஒரு கோயில் நகரம் தன் மக்களை எங்கெங்கே வாழவைத்துள்ளது என்னும் வினாவின் பகுதியாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. நகரின் அமைப்பு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முறை, நிலம் குறித்த ஆட்சிச் சொற்கள் ஆகியவற்றோடு, மலைபடுகடாம், மணிமேகலை ஆகிய நூல்களில் காணப்படும் உறைவிடக் கருத்துகளும் ஒப்புநோக்கப்படுகின்றன. வந்துபோகும் அடியாரைப் பேணும் அமைப்பு இந்நகரில் வளர்ந்துள்ள அளவிற்கு, நிலையாக வாழும் எளியோரைப் பேணும் அமைப்பு வளரவில்லை என்பது கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: திருவண்ணாமலை, கிரிவலம், புறம்போக்கு, உலகவறவி, மலைச்சரிவு, உறைவிடம், நலவாழ்வு.

முன்னுரை

நகரம் மனிதரின் உடல்நலத்தைத் தீர்மானிக்கிறது என்பது புதிய கருத்தன்று. 1845இல் மான்செஸ்டர் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளைப் பற்றி எங்கெல்ஸ் எழுதியதும், 1854இல் இலண்டன் பிராட் தெருவின் குடிநீர்க் குழாயோடு காலராவைத் தொடர்புபடுத்தி ஜான் ஸ்நோ காட்டியதும் இத்துறையின் தொடக்கப் புள்ளிகளாகக் கருதப்படுகின்றன. மைக்கேல் மார்மட் தலைமையில் உலக நலவாழ்வு நிறுவனம் அமைத்த ஆணையம், மருத்துவமனையை அடையும் முன்பே ஒருவரின் நலம் அவர் பிறந்து வளர்ந்து வாழும் சூழலால் பெரிதும் முடிவாகிவிடுகிறது என்று 2008இல் அறிக்கை அளித்தது.

இவ்வாய்வுகள் பெரும்பாலும் தொழில் நகரங்களையும் பெருநகரங்களையும் மையமாகக் கொண்டவை. தமிழகத்தின் கோயில் நகரங்கள் வேறொரு தருக்கத்தில் அமைந்தவை. ஆலையும் துறைமுகமும் ஆங்கில நாட்டு நகரங்களில் வகித்த இடத்தை இங்கே கோயிலும் திருவிழாவும் வகிக்கின்றன. அவ்வகை நகரத்திற்குத் திருவண்ணாமலை தெளிவான சான்று.

1. நகரின் அமைப்பு: சதுரமும் வட்டமும்

திருவண்ணாமலை இரண்டு வடிவங்களால் ஆனது. ஒன்று, அருணாசலேசுவரர் கோயிலைச் சூழ்ந்த மாடவீதிகளின் சதுரம். மற்றொன்று, மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் செல்லும் கிரிவலப் பாதையின் வட்டம். 814 மீட்டர் உயரமுள்ள மலையின் கிழக்கு அடிவாரத்தில் கோயில் அமைந்திருப்பதால் நகரின் பழைய பகுதி மலைக்குக் கிழக்கே விரிந்தது. போசள மன்னர் மூன்றாம் வல்லாளர் 14ஆம் நூற்றாண்டில் இவ்வூரைத் தம் தலைமையிடமாகக் கொண்டிருந்தார். கிருட்டிணதேவராயர் தொடங்கிய 217 அடி உயர இராசகோபுரத்தைத் தஞ்சை நாயக்க மன்னர் சேவப்பர் முடித்தார். வடக்குக் கோபுரம் அம்மணியம்மாள் என்னும் பெண் துறவியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கோயிலின் கல்வெட்டுகளைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தொகுத்து வெளியிட்டுள்ளது.

சதுரம் தேரோட்டத்திற்குரியது, வட்டம் நடந்துவரும் அடியார்க்குரியது. எட்டுத் திசைக்கும் ஒன்றாக இந்திரலிங்கம் முதல் ஈசான்யலிங்கம் வரை எட்டு இலிங்கங்கள் வட்டத்தில் உள்ளன. இவற்றுள் ஈசான்யலிங்கம் சுடுகாட்டை ஒட்டியுள்ளது. ஊரின் எல்லை அங்கே முடிந்தது என்பதற்கு இதனை ஒரு குறிப்பாகக் கொள்ளலாம். முழுநிலவு நாள் கிரிவலத்திற்குக் கடந்த நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டுகளில் கூட்டம் பெருகியது. அதனால் காடும் வயலும் ஏரியுமாக இருந்த வட்டத்தின் ஓரம் தங்கும் விடுதி, ஆசிரமம், கடை, வீட்டுமனை என மாறியது. செங்கம் சாலையில் இரமணாசிரமத்தைச் சூழ்ந்த பகுதி வெளிநாட்டினரும் வெளிமாநிலத்தவரும் பருவந்தோறும் வந்து தங்கும் இடமாயிற்று. நிலத்தின் விலையும் வீட்டு வாடகையும் உள்ளூரின் கூலியைப் பொறுத்து அமையாமல், வருவோரின் வருவாயைப் பொறுத்து அமையத் தொடங்கின.

இந்நிலையில் பூ கட்டுவோர், ஆட்டோ ஓட்டுவோர், கட்டடக் கூலிகள், விடுதிகளில் துப்புரவு செய்வோர் ஆகியோர்க்கு எஞ்சுவன இரண்டு வகை இடங்கள். ஒன்று, நகரெல்லைக்கு அப்பாலுள்ள ஊராட்சிகள். மற்றொன்று, சதுரத்திற்கும் மலைக்கும் இடைப்பட்ட சரிவு. முதலாவதில் வாடகை குறைவு. ஆனால் போக்குவரத்துச் செலவு கூடும். இரண்டாவதில் வேலை நடந்து செல்லும் தொலைவில் இருக்கும். ஆனால் நிலம் உரிமையற்றது, சாய்வானது. எளியோர் சரிவைத் தேர்வது அறியாமையால் அன்று. அன்றாட வருவாய்க்கும் அரிதாக நேரும் இடர்க்கும் இடையே அவர்கள் போடும் கணக்கு அது.

2. எண்ணப்படுவோரும் எண்ணப்படாதோரும்

2011 கணக்கெடுப்பின்படி திருவண்ணாமலை நகராட்சியின் மக்கள்தொகை 1,45,278. பரப்பு 13.64 சதுர கிலோமீட்டர். ஆகவே அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10,650 பேர். 2001இல் மக்கள்தொகை சுமார் 1.3 இலட்சமாக இருந்தது. பத்தாண்டு வளர்ச்சி ஏறத்தாழ 11 விழுக்காடு. அதே காலத்தில் தமிழக நகர்ப்புற மக்கள்தொகை 27 விழுக்காடு வளர்ந்தது. மாவட்டத் தலைநகரும் புகழ்பெற்ற திருத்தலமுமான ஓர் ஊர் மாநில நகர்ப்புற வளர்ச்சியினும் குறைவாக வளர்ந்ததாகக் காணப்படுவது வியப்பளிக்கலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்த வேங்கிக்கால் போன்ற அண்டை ஊராட்சிகளுக்குள் நகரம் பரவியதே இதற்கு முதன்மைக் காரணம் எனலாம். குடியிருப்பு நகரமாக மாறிவிட்ட பின்பும், அங்கே வடிகாலும் துப்புரவும் ஊராட்சியின் அளவிலேயே பல்லாண்டுகள் நீடித்தன. 2024இல் அண்டை ஊராட்சிகளை இணைத்துத் திருவண்ணாமலை மாநகராட்சியாக்கப்பட்டமை இந்த இடைவெளியைக் காலம் தாழ்ந்து ஏற்றதாகும்.

கணக்கெடுப்பில் மற்றுமொரு விடுபாடு உண்டு. வீடற்றோரை எண்ணுவதற்கு 2011இல் ஒதுக்கப்பட்டது பிப்ரவரி 28ஆம் நாள் இரவு. அது தேய்பிறை, அமாவாசைக்கு நான்கு நாள்களே இருந்தன. நாடு முழுமைக்கும் ஒரே இரவு என்பது கணக்கெடுப்பின் தேவை. ஆனால் முழுநிலவில் இலட்சக்கணக்கானோர் கூடி, தேய்பிறையில் ஒடுங்கும் ஓர் ஊரின் தெருவோர வாழ்வை அந்த ஓரிரவு காட்ட இயலாது. கிரிவலப் பாதையில் தங்கும் துறவியர், குடும்பத்தால் கைவிடப்பட்ட முதியோர், மனநலம் குன்றியோர், பருவத்திற்கேற்ப வந்துபோகும் இரவலர், சிறு வணிகர் ஆகியோரின் எண்ணிக்கை நிலவோடு ஏறி இறங்குவது. நகர்ப்புற வீடற்றோர்க்கு ஓர் இலட்சம் மக்கள்தொகைக்கு ஒரு தங்குமிடம் என்னும் அளவுகோல் நிலையாக வாழ்வோரின் எண்ணிக்கையைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. அண்ணாமலையை நினைத்தாலே முத்தி என்னும் நம்பிக்கை எத்தனை பேரை இவ்வூர்க்கு ஈர்க்கிறதோ, அவர்களுள் திரும்பிச் செல்ல வீடில்லாதோர் எந்த அட்டவணையிலும் இடம்பெறுவதில்லை.

3. உறைவிடச் சொற்கள்: அறவியிலிருந்து ஆக்கிரமிப்பு வரை

ஒரு சமூகம் உறைவிடத்தைக் குறிக்க ஆளும் சொற்கள் அதன் நோக்கினைக் காட்டுவன. திருவண்ணாமலைக்கு மேற்கே செங்கத்தைத் தலைநகராகக் கொண்ட நன்னன் சேய் நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடியது மலைபடுகடாம். கூத்தராற்றுப்படை எனவும் வழங்கும் இந்நூல் 583 அடிகளில் வழிச்செல்லும் கலைஞர்க்கு வழி காட்டுகிறது. எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும், எங்கே இரவில் தங்கலாம் என்பவற்றோடு, மலைவழியின் இடர்களையும் அது அடுக்கிக் கூறுகிறது. தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் எங்கிருந்து வரும், பாம்பு உறையும் குழிகள் எங்குள்ளன, வழுக்கும் நீர்க்கரையில் எதனைப் பற்றிக்கொண்டு நடக்கவேண்டும் என்பன அவற்றுள் சில. விருந்தோம்பலும் இடர் எச்சரிக்கையும் ஒரே வாய்மொழியில் அமைந்திருப்பது கருதத்தக்கது. வருவோரின் பசியைப் போக்குவது மட்டுமன்றி, அவர்தம் காலடி நிலத்தின் தன்மையை அறிவிப்பதும் அந்நிலத்தை அறிந்தோரின் கடமையாகக் கொள்ளப்பட்டது.

மணிமேகலை இக்கடமையை நகரத்திற்கு உரியதாக்குகிறது. புகாரில் உள்ள உலகவறவி யாவரும் தங்கற்குரிய பொது அம்பலம். மணிமேகலை அமுதசுரபியோடு அங்கே புகுந்து, யானைத்தீ என்னும் தீராப்பசி நோயால் வருந்திய காயசண்டிகை முதலியோர்க்கு உணவளிக்கிறாள். மதுரைச் சிந்தாதேவி கோயில் அம்பலத்தில் தங்கிய ஆபுத்திரன் கண்பார்வையும் செவித்திறனும் இழந்தோர், நடக்க இயலாதோர், காப்போர் அற்றோர், நோயுற்றோர் ஆகியோரை அழைத்து உண்பித்துப் பின்னரே தான் உண்டான். இன்றைய வீடற்றோர் தங்குமிடத் திட்டங்களில் தனிக்கவனத்திற்குரியோராகக் குறிக்கப்படும் பிரிவினர் ஏறத்தாழ இவர்களே. பசியைப் பிணி எனக் கொண்டு, அதற்குரிய மருந்தை நகரின் பொதுவிடத்தில் வைத்த சிந்தனை அது.

ஆயினும் பண்டைய நகரை முற்றிலும் அறத்தின் இருப்பிடமாகக் காட்டுவது வரலாற்றுக்கு ஒவ்வாது. முதலாம் இராசராசனின் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகள் ஊர்களின் இறையிலி நிலங்களைப் பட்டியலிடும்போது ஊர்நத்தம், குளம், சுடுகாடு என்பவற்றோடு கம்மாணச்சேரி, பறைச்சேரி முதலிய சேரிகளையும் தனித்தனியே குறிக்கின்றன. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே குடியிருப்பு பிறப்பால் பிரிந்திருந்தது என்பதற்கு இது கல்லில் பொறித்த சான்று. எவர் எங்கே குடியிருக்கலாம் என்பதை நிலவருவாய் ஆவணம் அன்றே எழுதிவைத்துள்ளது.

இன்றைய ஆட்சித்தமிழில் நத்தம், பட்டா, புறம்போக்கு, ஆக்கிரமிப்பு என்பன உறைவிடத்தை அளக்கும் சொற்கள். புறம்போக்கு என்பது வரிக்கணக்கிற்குப் புறத்தே போன நிலம். சொல் நிலத்தைக் குறிக்கத் தோன்றியது. நாளடைவில் அங்கு வாழும் மனிதரையும் இழித்துக் குறிப்பதாயிற்று. நிலத்தின் வகைப்பாடு மனிதரின் மதிப்பீடாக மாறிய இப்பொருள்மாற்றம், ஏற்றத்தாழ்வு மொழிக்குள் எவ்வாறு குடிபுகுகிறது என்பதைக் காட்டுகிறது. ஆக்கிரமிப்பு என்னும் சொல்லோ குடியிருப்பவரை வினைமுதலாக்கி, அவ்விடத்தில் குடியேற வைத்த வாடகை, கூலி, நகர்த்திட்டம் ஆகியவற்றை வாக்கியத்திலிருந்தே நீக்கிவிடுகிறது.

4. நோயும் இடமும்: மூன்று நிகழ்வுகள்

முதலாவது, 1905ஆம் ஆண்டின் கொள்ளைநோய். 1896இல் பம்பாயில் தோன்றிய பிளேக் பின்னர்த் தென்னகத்திற்கும் பரவியது. திருவண்ணாமலையில் அது பரவியபோது, விருபாட்ச குகையில் வாழ்ந்த இரமணர் பச்சையம்மன் கோயிலுக்குச் சென்று ஏறத்தாழ ஆறு மாதம் தங்கினார் என அவர் வரலாறுகள் கூறுகின்றன. நெருங்கிய தெருக்களே நோயின் இடமாகவும், ஆளரவமற்ற மலையடிவாரம் நோய்க்குப் புகலிடமாகவும் அன்று இருந்தன.

இரண்டாவது, 2020இல் தொடங்கிய கொரோனா பெருந்தொற்று. ஏறத்தாழ ஈராண்டுக் காலம் முழுநிலவு நாள் கிரிவலத்திற்குத் தடை இருந்தது. 2022 மார்ச்சில் அது மீண்டும் அனுமதிக்கப்பட்டது. கூட்டத்தைத் தவிர்ப்பது மருத்துவ நோக்கில் தேவையானது. ஆனால் மாதந்தோறும் வரும் ஓரிரவின் வணிகத்தை நம்பியிருந்த குடும்பங்களுக்கு அத்தடை வருவாயின் முறிவாயிற்று. தொற்றைத் தடுத்த அதே நடவடிக்கை, வாடகை கொடுக்க இயலாத நிலையையும் தோற்றுவித்தது. ஒரே தொழிலை நம்பும் ஆலை நகரம் ஆலை மூடப்படும்போது படும் துயரை, ஒரே வழிபாட்டை நம்பும் நகரம் அப்போது பட்டது.

மூன்றாவது, 2024ஆம் ஆண்டின் மலைச்சரிவு. நவம்பர் 30 இரவில் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பெஞ்சல் புயல் உள்மாவட்டங்களில் பெருமழையைக் கொட்டியது. மறுநாள் மாலை மலையின் சரிவில் மண்ணும் பாறையும் பெயர்ந்தன. சரிவின் இயக்கம் எளிதில் விளங்கத்தக்கது. கடினப் பாறையின்மேல் சிதைந்த மண் போர்வையாகப் படிந்துள்ளது. அதனுள் பெரும் உருண்டைப் பாறைகள் பதிந்திருக்கின்றன. தொடர்மழையில் மண்ணின் நுண்துளைகள் நீரால் நிரம்பும்போது அதன் பிடிப்பு தளர்ந்து, பாறைகளோடு சேர்ந்து கீழிறங்குகிறது. கோடையில் அடிக்கடி மூளும் தீயால் புல்லும் புதரும் அழிதல், மழைநீர் இறங்கும் ஓடைகளின் வழியில் கட்டடங்கள் எழுதல் ஆகியன இடரைப் பெருக்கும் காரணிகள். 1980களின் இறுதி முதல் மலையில் மரம் வளர்க்கும் முயற்சிகள் நடைபெற்று வந்தபோதிலும், அடிவாரத்தின் நில நெருக்கடியை அவற்றால் மாற்ற இயலவில்லை.

மீட்புப் பணி இரவும் பகலும் நடந்தது. குறுகிய தெருக்களும் செங்குத்தான சரிவும் பெரிய இயந்திரங்களுக்குத் தடையாயின. இறந்தோருள் அண்டை வீட்டுப் பிள்ளைகளும் இருந்தனர். இரு வாரத்திற்குள் டிசம்பர் 13 அன்று கார்த்திகைத் தீபம். வல்லுநர் குழு மலையை ஆராய்ந்ததையடுத்து, அவ்வாண்டு பொதுமக்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. இம்முடிவு சரியானது. அதேவேளை அதன் உட்பொருளும் எண்ணத்தக்கது: ஒரு நாள் ஏறிவரும் அடியார்க்கு மலை பாதுகாப்பற்றது என்று ஆராய்ந்து அறிவிக்க இயன்ற அறிவு, ஆண்டு முழுவதும் அதன் சரிவில் உறங்குவோர்க்குத் தெருவாரியான எச்சரிக்கையாக முன்னரே சென்று சேரவில்லை. மலைபடுகடாம் கூத்தர்க்கு அளித்த அறிவிப்பு வ.உ.சி. நகர்ச் சிறார்க்குக் கிட்டவில்லை.

1905இல் புகலிடமாக இருந்த அடிவாரம் 2024இல் இடரின் இடமானது. இடைப்பட்ட காலத்தில் மலை மாறவில்லை. மலையின் கீழ் நிலத்தின் விலை மாறியது.

5. அகற்றுதலும் பேணுதலும்

பேரிடர்க்குப் பின் எழும் முதற்குரல் அகற்றுக என்பது. மலையிலும் நீர்நிலைகளிலும் உள்ள கட்டடங்கள் குறித்த வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டுள்ளன. இடருள்ள சரிவில் எவரும் வாழக்கூடாது என்பதில் கருத்து வேறுபாட்டிற்கு இடமில்லை. அகற்றப்படுவோர் எங்கே செல்வர் என்பதே வினா. சென்னையின் கண்ணகி நகர், பெரும்பாக்கம் மறுகுடியமர்வுகள் இதற்கு விடையாகவும் எச்சரிக்கையாகவும் உள்ளன. கான்கிரீட் வீடு கிடைத்தது. வேலையும் பள்ளியும் மருத்துவமனையும் தொலைவாயின. பழைய இடத்தின் இடர் நீங்கிப் புதிய இடத்தின் வறுமை சேர்ந்தது.

இவ்விடத்தில் பாட்ரிக் கெடிசின் நினைவு பொருந்தும். 1914-15இல் சென்னை மாகாண நகரங்களைப் பார்வையிட்டு அறிக்கைகள் எழுதிய அவர், துப்புரவின் பெயரால் தெருக்களை இடித்துத் தள்ளும் அன்றைய நடைமுறையை எதிர்த்தார். எங்கே ஒரு வீட்டை நீக்கினால் காற்றும் ஒளியும் வரும் என்று வீடுவீடாகப் பார்த்து, குறைந்த இழப்பில் நலத்தைக் கூட்டும் முறையை அவர் முன்மொழிந்தார். மலையடிவாரத்திற்கு இம்முறையைப் பொருத்தினால், முழுப் பகுதியையும் ஆக்கிரமிப்பு என ஒரே சொல்லால் அளக்காமல், ஓடை வழியிலுள்ள வீடு எது, உருண்டைப் பாறையின் கீழுள்ள வீடு எது, வடிகாலும் தடுப்புச் சுவரும் அமைத்தால் காக்கத்தக்க வீடு எது எனப் பிரித்தறிய வேண்டியிருக்கும்.

வீட்டுவரி இரசீதும் மின் இணைப்பும் குடிநீர்க் குழாயும் நில உரிமைக்குச் சான்றாகா என்பது சட்டநிலை. ஆயினும் அவை அக்குடும்பம் அங்கே வாழ்வதை அரசு அறிந்திருந்தது என்பதற்குச் சான்றாகும். அறிந்திருந்தமை பொறுப்பையும் உடன் கொணரும்.

நகரம் ஏற்பாடு செய்யும் ஆற்றல் அற்றதன்று. கார்த்திகைத் தீபத்திற்குக் குடிநீர்த் தொட்டிகள், தற்காலிகக் கழிப்பறைகள், மருத்துவ முகாம்கள், அவசர ஊர்திகள், சிறப்புப் பேருந்துகள் என இலட்சக்கணக்கானோர்க்கான நலவாழ்வுக் கட்டமைப்பு சில நாள்களில் எழுப்பப்படுகிறது. 2013இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியால் உயர்மருத்துவமும் உள்ளூரில் கிடைக்கிறது. நாள் முழுவதும் அன்னதானம் கோயிலில் நடைபெறுகிறது. இவற்றின் ஒரு பகுதி நிலையானதாக, விழா முடிந்த பின்பும் கிரிவலப் பாதையிலும் அடிவாரத் தெருக்களிலும் தொடர்வதற்குப் பெரிய தடை நிதியன்று. எவருக்காக நகரம் என்னும் நோக்கே.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

அ. திருவண்ணாமலையில் நிலத்தின் மதிப்பை வழிபாட்டுப் போக்குவரத்து முடிவு செய்கிறது. அதனால் உழைக்கும் எளியோர் இடருள்ள சரிவிற்கோ வசதி குறைந்த புறப்பகுதிக்கோ தள்ளப்படுகின்றனர்.

ஆ. நிலையான மக்கள்தொகையையே அளவாகக் கொள்ளும் கணக்கெடுப்பு இந்நகரின் தேவையை முழுமையாகக் காட்டாது. முழுநிலவு இரவிலும் அமாவாசை இரவிலும் தனித்தனியே வீடற்றோரை எண்ணுதல் மாநகராட்சி மேற்கொள்ளத்தக்க எளிய பணி.

இ. மலையடிவாரத்திற்குத் தெருவாரியான இடர்வரைபடமும், மழைக்கால முன்னெச்சரிக்கையும் தேவை. இடருள்ள வீடுகளில் வாழ்வோர்க்கு நகருக்குள்ளேயே, வேலைக்கு நடந்து செல்லும் தொலைவில் மாற்றிடம் வழங்கப்படவேண்டும்.

ஈ. புறம்போக்கு, ஆக்கிரமிப்பு போன்ற ஆட்சிச் சொற்களின் வரலாற்றையும் பொருள்மாற்றத்தையும் அறவி, அம்பலம், மடம், சத்திரம் ஆகிய சொற்களோடு ஒப்பிட்டு ஆராய்தல் தமிழாய்வுத் துறையின் கடமை. நகர்த்திட்டம் பொறியியலுக்கு மட்டும் உரிய புலமன்று.

உலகவறவியின் வாயில் எவர்க்கும் அடைக்கப்படவில்லை என்று காப்பியம் காட்டுகிறது. வந்தோரை வரவேற்பதில் இவ்வூர் அப்புகழுக்குத் தகுதியுடையது. மலைச்சரிவில் வாழ்வோரும் அவ்வறவியின் உள்ளே எண்ணப்படும்போது அத்தகுதி முழுமையுறும்.